ஒன்பதாம் தூணின் பங்கு

முதல்ல நன்றி சொல்லிருதேன், பெறவு கதைக்கு வாரேன். முப்பது வருசமா மைக் பிடிச்ச ஆளு நான். பந்தல் போட்டவருக்கு நன்றி, பாயசத்துக்குச் சர்க்கரை குடுத்தவருக்கு நன்றி, காணாமப் போன சாவிக்கொத்தைக் கண்டெடுத்துக் குடுத்தவருக்கு நன்றி நன்றின்னு சொல்லிச் சொல்லி, வாயைத் தொறந்தா நன்றிதான் முன்னால வந்து நிக்குது. அதெல்லாம் யாராச்சும் எழுதிக் குடுத்து நான் வாசிச்ச நன்றி. இப்ப சொல்லப் போறதை யாரும் எழுதிக் குடுக்கல. எங்க ஊருச் சூசையப்பர் கோயில் சுவத்துக்கு நன்றி, கூரைக்கு நன்றி, கூரைல தொங்குத பன்னெண்டு வளைஞ்ச பலகைக்கு நன்றி, ஒன்பதாம் தூணுக்கு நன்றி, பலூன் ஒடச்சே என் வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்திவிட்ட ஷமீமா மேடத்துக்கு நன்றி.

என் பேரு விசுவாசம். விசுவாசம் மைக் செட்டுன்னு கேட்டா சங்குமுனைல பச்சைப் புள்ளையும் கை காட்டும். இது என்னைப் பத்தின கதை இல்ல, இசபெல் அக்கா கதை. தன் மவளுக்குக் கோயில்ல ஓலை வாசிக்கிறதைத் தன் காதால கேக்கணும்னு அந்தப் பொம்பள ஆசைப்பட்டா. கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கெழமை, இன்னார் மவளுக்கும் இன்னார் மவனுக்கும் கல்யாணம்னு சாமியார் பூசைல வாசிப்பாருல்லா, அதுதான் ஓலை. எந்தத் தாயும் ஆசைப்படுத ஆசைதான். அது அவளுக்குக் கெடைக்காமப் போனதுக்குக் காரணம் நான். என்ன செஞ்சேன்னு இப்பவே சொன்னா செருப்பைக் கழத்துவீங்க, அதனால வரிசையா வாரேன்.

சங்குமுனை முப்பத்தாறு தலைக்கட்டு உள்ள கடக்கரை ஊரு, அம்புட்டுத்தான். ஆனா பக்கத்து வடக்கூர்க்காரன் பெரிசா ஒரு கோயில் கட்டிப்புட்டான்னு, அதைவிட நாலு முழம் ஒசரமா, சுவரெல்லாம் பளிங்கும் தரையெல்லாம் பளபளப்புமா, நடுவுல கவுத்துப் போட்ட அண்டா மாதிரி ஒரு கூரையுமா நாங்க கட்டினோம். கட்டி முடிச்சுப் பாத்தா உள்ள ஒரு வார்த்தை வெளங்கல. ஒரு கையத் தட்டினா அந்தச் சத்தம் சாவுததுக்கு ஒன்பது நொடி ஆகுது. எங்க சாமியார் லியோ சாமி பீடத்துல நின்னு ‘சமாதானம்’னு சொன்னா ‘சமா’ மட்டும் நேரா வரும், ‘தானம்’ கூரையைச் சுத்தி, சுவத்துல முட்டி, சுரூபத்துக்குப் பின்னால நொழஞ்சு, அவரு அடுத்து சொல்லுத ‘பாவம்’ மேல வந்து விழும். கூடக் கொஞ்சம் பெட்டி வச்சாச் சரியாப் போவும்னு நான் எட்டு ஸ்பீக்கர் கட்டினேன். எரியுத நெருப்புல எண்ணெய ஊத்துன கதையாச்சு.

அப்பத்தான் லியோ சாமி எங்கயோ சொல்லி, சத்தத்தை அளக்குத இஞ்சினியர் ஷமீமா மேடத்தை வரவழைச்சாரு. கீழக்கரைக்காரி, முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும், பேச்சு கம்மி, காது மட்டும் பூனைக் காது. ஒரு மூணுகால் கம்பு, அது உச்சில விரல் தண்டி மைக்கு, கைல ஒரு சின்ன மீட்டர், பை நெறைய பலூன். இதைக் கொண்டா என் எட்டுப் பெட்டியால ஆகாததைச் செய்யப் போறான்னு எனக்கு ஒரே இளக்காரம்.

“சத்தத்தைக் கொறைக்க வேண்டாம் அண்ணாச்சி,” அப்படின்னாவ. “இந்தக் கோயில்ல சத்தம் செல மூலைல போயிக் குமியுது, செல மூலைக்குக் கொஞ்சந்தான் போகுது. மேல பலகை தொங்கவிட்டா அது செதறி எல்லாப் பக்கமும் போகும். முப்பத்தாறு எடத்துல சாக்பீஸால குறி போட்டு, ஒவ்வொரு எடத்துலயும் அளப்பேன். எல்லா எடத்துக்கும் சம பங்கு வரணும்.”

அந்த ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல. பங்குன்னா எங்களுக்கு அது வெறும் வார்த்தை இல்ல பாருங்க. எங்க கோயிலச் சேந்த சனத்துக்குப் பேரு பங்கு, சாமியாருக்குப் பேரு பங்குச்சாமி, வள்ளம் கரை ஏறுனா மணல்ல கூறு கூறா மீனை வச்சுப் பிரிக்கிறதும் பங்கு. அதுக்கு ஒரு மொறை உண்டு. கூறு வச்ச பெறவு ஒரு ஆளு மீனைப் பாக்காம முதுகைக் காட்டிட்டு நிக்கணும், இன்னொரு ஆளு ஒரு கூறைத் தொட்டு “இது யாருக்கு?”ன்னு கேக்கணும், முதுகு காட்டி நிக்கிறவன் வாயில வந்த பேரைச் சொல்லணும். அந்தப் பேருக்கு அந்தக் கூறு. பெரிசு சிறுசுன்னு பெறவு ஒருத்தன் பேசப்படாது. எங்க அப்பன் காலத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் இதுல சண்டை வந்ததே இல்ல.

வள்ளம் செய்யுத ஆசாரியே பன்னெண்டு பலகையை வளைச்சுக் குடுத்து, அதைக் கூரைல தொங்கவிட்டு, தரைல முப்பத்தாறு குறியும் போட்டாச்சு. மேடம் பலூனை ஊதப் போறாவ. ஊர்த் தலைவர் கஸ்பார் அண்ணாச்சி தடியத் தட்டுனாரு. “இருங்க மேடம். முப்பத்தாறு கூறு, முப்பத்தாறு தலைக்கட்டு. கணக்குச் சரியாத்தான் வச்சிருக்கீங்க. ஆனா பேரு சொல்லாமப் பங்கு வச்சா அதுக்குப் பேரு பங்கில்ல, கொள்ளை.”

“இல்லைங்க, இது சும்மா அளக்குததுக்கு...” அப்படின்னு அவுக இழுக்காவ. யாரு கேக்கா? என்னைக் கூட்டிட்டுப் போயிப் பீடத்தைப் பாத்து நிறுத்தியாச்சு. ஊருக்கு முதுகு, சூசையப்பருக்கு முகம். கஸ்பார் அண்ணாச்சி ஒவ்வொரு குறியாத் தடியால தொட்டு “இது யாருக்கு?”ன்னு கேக்க, நான் “மொறாயிஸ் வீட்டுக்கு”, “தொம்மை வீட்டுக்கு”, “பாக்கியம் வீட்டுக்கு”ன்னு கணீர்னு சொல்ல, மேடம் என்ன நெனச்சாவளோ, ஒரு பேரு விடாம நோட்டுல எழுதிக்கிட்டாவ. முப்பத்தஞ்சு ஆச்சு. கடைசிக் குறி ஒன்பதாம் தூணுகிட்ட.

“இது யாருக்கு?”

மிச்சம் ஒரு வீடுதான். எந்த வீடுன்னு எனக்குத் தெரியும், எனக்குப் பின்னால நிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். என் வாய் தொறக்கல. கஸ்பார் அண்ணாச்சி “சரி விடு, அது தூணு மறைக்கிற எடந்தான”ன்னு தடியத் தூக்கிக்கிட்டாரு. மேடம் பலூனை ஒடச்சாவ, மீட்டரைப் பாத்தாவ, நகந்தாவ, ஒடச்சாவ. முப்பத்தஞ்சு எடத்துலயும் ஒரே எண்ணு, ஒரு புள்ளி கூடல, ஒரு புள்ளி கொறையல. முப்பத்தாறாம் எடத்துல மீட்டர் ஒண்ணுமே காட்டல. பேட்டரிய மாத்திப் பாத்தாவ. கருவியில கோளாறு போல, மூணு மாசம் கழிச்சு வேற கருவியோட வாரேன்னு சொல்லிட்டு வண்டி ஏறிட்டாவ.

மறு ஞாயித்துக்கெழமை நான் மைக்கைப் போடுததுக்கு முன்னாலயே லியோ சாமி சன்னமா ஒரு இருமல் இருமுனாரு. பீடத்துப் படில உக்காந்தவனுக்கு அது எம்புட்டோ, கடைசி வாசல்ல செருப்பைக் கழத்திட்டு நின்னவனுக்கும் அம்புட்டே வந்து சேந்துச்சு. ரகசியம் பேசுனாலும் அதே அளவு, தொண்ட கிழியக் கத்துனாலும் அதே அளவு. யாரும் வாயைப் பொளக்கல. பேரு சொல்லிப் பங்கு வச்சா வந்து சேரத்தான செய்யும்னு ஆளுக்காளு தலைய ஆட்டிக்கிட்டாவ. அதோட எப்படிக் குடும்பம் நடத்துததுங்கதுதான் எங்களுக்குப் பெரும்பாடாப் போச்சு.

மொத வாரமே மொறாயிஸ் பெரியவரு முட்டி போட்டு, “சூசையப்பரே, மருமவ கைக்குக் கொஞ்சம் உப்பு அளவு பிடிபடணும்”னு மொனங்குனது ஊருக்கே கேட்டுச்சு, மருமவளுக்கும் கேட்டுச்சு. “மாமனாரு நாக்குக்குக் கொஞ்சம் பொறுமை வரணும் சூசையப்பரே”ன்னு அவளும் முட்டி போட்டா. பாவத்தைச் சாமியார் காதுல சொல்லுத பாவசங்கீர்த்தனத்தை உள்ள வச்சா ஊரு ரெண்டுபடும்னு, லியோ சாமி அதைக் கடக்கரைல கவுத்துப் போட்ட வள்ளத்து மறைவுக்கு மாத்தி, ஒரு கைல குடையும் ஒரு கைல செபமாலையுமா காத்துல பறக்காம உக்காந்து கேட்டாரு. கடக்காத்துல கத்திக் கத்திப் பழகுன சனம் நாங்க, வீட்டுல “சோறு போடு”ன்னு சொன்னா மூணாம் வீட்டுல எல வப்பாவ. அப்படிப்பட்ட ஊரு கோயிலுக்குள்ள மெதுவாப் பேசப் பழகுச்சு. கைப்புள்ள அழுதா எல்லாரு காதுலயும் ஒரே மாதிரி விழும், அதனால பெத்தவதான் தூக்கிட்டு வெளிய ஓடணும்னு இல்லாம, கைக்கு எட்டுனவ தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா.

பொம்பளைய சண்டையையும் அங்க கொண்டுவந்தாவ. கொழாயடில தொண்ட பெருத்தவ ஜெயிப்பா. கோயிலுக்குள்ள கத்தி ஜெயிக்க வழியில்ல, நாயத்தச் சொல்லித்தான் ஜெயிக்கணும். இதைப் பாத்து ஊர்க் கூட்டத்தையும் உள்ள போட்டோம். கஸ்பார் அண்ணாச்சி இடி மாதிரிப் பேசுனது ஒரு பங்கு, ஓரத்துல வலை பின்னிக்கிட்டே தொம்மை மொணமொணத்ததும் ஒரு பங்கு. இருபது வருசமா அந்த மனுசன் ஒவ்வொரு கூட்டத்துலயும் ஏதோ மொணமொணக்காருன்னு நெனச்சிருந்தோம். கேட்டாத்தான தெரியுது, இருபது வருசமும் அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு.

எனக்குத்தான் பொழப்பு பிடிக்கல. எட்டுப் பெட்டியும் மூலைல. நாலு கொழாய் ஸ்பீக்கரையும் கழத்திக் கொல்லைல வச்சேன், அதுல என் வீட்டுக்காரி சலேத்தோட கோழி ஏறி முட்டை வச்சுது. “முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் இதுல இருந்து உருப்படியா ஒண்ணு வந்திருக்கு”ன்னு அவ முட்டையப் பொறுக்குனா. பூசை தொடங்குததுக்கு முன்னால மைக்கைத் தட்டி “ஹலோ, ஹலோ, கேக்குதா?”ன்னு கேக்குததுதான் எனக்குன்னு இருந்த ஒரே கெத்து. அதையும் மைக் இல்லாமச் சும்மா நின்னு கேட்டுட்டு இருந்தேன். எல்லாரும் “கேக்குது”ன்னு சொல்லுவாவ. ஒன்பதாம் தூணுல இருந்து மட்டும் பதில் வராது.

அந்தத் தூணுகிட்டதான் இசபெல் அக்கா உக்காருவா. பத்து வருசத்துக்கு முந்தி, கடல்ல ஒருத்தன் தவறிட்டான். உடம்பு கரை சேருத வரைக்கும் யாரும் தொழிலுக்குப் போவப்படாதுன்னு ஊரு சொல்லியிருந்துச்சு. மூணாம் நாளு அவ புருசன் கிளமென்ஸ் வலையப் போட்டுட்டு வந்தான். வீட்டுல அரிசி இல்லன்னு சொன்னான், மெய்தான் அது. ஊரு கேக்கல. ஒரு வருசத்துக்கு கிளமென்ஸ் வீட்டுக்கு ஊர்ப் பங்கு கெடையாது, நல்லது கெட்டதுக்கு அழைப்பு கெடையாதுன்னு தீர்ப்பாச்சு. நாலு கொழாயை நாலு தெசைக்குக் கட்டி அதை அறிவிச்சது நான். அவனை யாரும் வள்ளத்துல சேக்காம, அவன் கொல்லத்துக்குப் போயி அங்க போட்டுல ஏறிட்டான். கிறிஸ்மசுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வருவான். இசபெல் அக்கா தன் மவ பெர்னதெத்தைக் கூட்டிட்டுக் கடைசித் தூணு மறைவுக்குப் போயி உக்காந்தா. ஒரு வருசத் தீர்ப்பு. பத்து வருசமாச்சு, அவ அங்கதான் உக்காந்திருந்தா. கடைல பாத்தா பேசுவோம், சிரிப்போம். விசேசத்துக்குக் கூப்பிட மாட்டோம். அது அப்படியே பழகிப் போச்சு.

பெர்னதெத்துக்கு வடக்கூர்ல ரெஜினால்டுன்னு நல்ல பையனாக் கூடி வந்துச்சு. மொத ஓலை ஞாயித்துக்கெழமை. இசபெல் அக்கா பொட்டில வச்சிருந்த வெள்ளைச் சேலைய உடுத்து, மவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. லியோ சாமி வாசிச்சாரு. எங்க எல்லாருக்கும் பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி விழுந்துச்சு. அவ சாமியோட ஒதட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. சாமி தாளை மடிச்ச பெறவும் பாத்துக்கிட்டே இருந்தா.

பூசை முடிஞ்சு வாசல்ல என்கிட்ட வந்தா. பத்து வருசத்துல அவளா என்கிட்ட வந்தது அன்னைக்குத்தான்.

“தம்பி, ஓலை வாசிச்சாச்சா?”

“வாசிச்சாச்சு அக்கா.”

“எம் மவ பேரைச் சொன்னாரா?”

“சொன்னாருக்கா.”

“எப்படிச் சொன்னாரு?”

எப்படிச் சொன்னாருன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? “நல்லாத்தான் சொன்னாரு”ன்னு ஒளறுனேன். “முன்னால வந்து எங்க வீட்டு எடத்துல உக்காரேன் அக்கா, அங்க நல்லாக் கேக்கும்”னு சொன்னேன். அவ என்னை ஏற எறங்கப் பாத்தா. “அடுத்தவன் பங்குல உக்காந்து எம் மவ ஓலையக் கேக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?” அப்படின்னுட்டு மவ கையப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டா.

ரெண்டாம் ஓலை ஞாயித்துக்கெழமைக்கு ஷமீமா மேடம் புதுக் கருவியோட வந்துட்டாவ. பூசை முடிஞ்சு ஊரே நிக்கிது. பலூனை ஒடச்சு ஒடச்சு அளந்துட்டு வந்தாவ, முப்பத்தஞ்சும் ஒரே எண்ணு. ஒன்பதாம் தூணுல ஒண்ணுமே இல்ல. அவுக பதறல, கண்ணாடியக் கழத்தித் தொடச்சு மாட்டிக்கிட்டு நோட்டுல எழுதுனாவ.

“மத்ததெல்லாம் பிரமாதம்,” அப்படின்னாவ. “எல்லாத்தையும் கூட்டிச் சராசரி போட்டா அழகா வரும். ஆனா சராசரி போட்டா ஒரு ஆள் கணக்குலயே காணாமப் போயிருவாங்க. இந்தக் கோயில்ல சத்தம் சமமாப் பரவுதுன்னு நான் கையெழுத்துப் போட முடியாது.” நோட்டைப் பின்னால பொரட்டுனாவ. “முப்பத்தாறாம் எடம். பேர் சொல்லல. அன்னைக்கு இதுக்கு மட்டும் ஏன் பேர் சொல்லல அண்ணாச்சி?”

“தொண்ட கட்டிக்கிச்சு மேடம்”னேன்.

என் பொய்யும் முப்பத்தஞ்சு பங்காத்தான் போச்சு.

கருவியால ஆகலன்னா நாம செய்வோம்னு, சனிக்கெழமை காலைல இருக்கதுலயே பெரிய பெட்டியக் கழுவித் தொடச்சு, ஒயரை இழுத்து, ஒன்பதாம் தூணுல சாத்தி வச்சேன். மூணாம் ஓலையாச்சும் அவளுக்குக் கேக்கட்டும்னு. பீடத்துல மொறாயிஸ் பெரியவரை நிறுத்தி “பேசுங்க”ன்னுட்டு, ஓடி வந்து இசபெல் அக்கா எடத்துல உக்காந்தேன். அந்த எடத்துல நான் உக்காந்தது அதான் மொத தடவை. பெட்டியோட காகிதக் கூம்பு முன்னும் பின்னும் துடிக்குது, விரலை வச்சா அதுருது. ஒரு சத்தம் இல்ல. பெரியவரு வாய் அசையுது. வாசல்ல பொம்பளைய சிரிக்காவ, பல்லு தெரியுது, சிரிப்பு வரல. “ஏ சூசையப்பா”ன்னு நான் சொன்னேன், என் சத்தமே எனக்கு வரல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்து ஊரைப் பாக்குத மாதிரி இருந்துச்சு. மூணு மாசமா ஞாயித்துக்கு ஞாயிறு இங்கன உக்காந்து, எங்களையெல்லாம் பாத்துக்கிட்டு, முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிருக்கா.

ஒயரைச் சுருட்டி, பெட்டிய வீட்டுக்குக் கொண்டு போயி, ஆம்ப்ளிபயர் மூடியத் தொறந்தேன். மூடிக்கு உள்பக்கம் ஒரு ரெக்சின் பை உண்டு. அதுல கைய விட்டேன். மஞ்சளாப் போன ஒரு துண்டுச் சீட்டு. அது அங்க இருக்குன்னு எனக்கு ஒன்பது வருசமாத் தெரியும்.

இப்பச் செருப்பைக் கழத்துங்க. தண்டனை முடிஞ்ச அன்னைக்கு, “கிளமென்ஸ் வீட்டு விலக்கு இன்றோடு முடிந்தது, அவர்கள் ஊர்ப் பங்கில் முன்போல் சேர்க்கப்பட்டார்கள்”னு கஸ்பார் அண்ணாச்சி கையால எழுதி, திருவிழாக் கொடியேத்தம் முடிஞ்சதும் வாசிச்சுருன்னு என் கைல குடுத்தாரு. அன்னைக்கு மழை அடிச்சுது, ஆம்ப்ளிபயர் பொகைஞ்சுது, சீட்டை மூடிக்குள்ள சொருகிட்டு ஓடுனேன். ரிப்பேர் ஆகி வர நாலு நாளாச்சு. நாலு நாளு கழிச்சு வாசிச்சா ஏன் பிந்துச்சுன்னு கேப்பாவளேன்னு நாளைக்குன்னு விட்டேன். நாளைக்கு அடுத்த வாரமாச்சு, அடுத்த வாரம் வருசமாச்சு. நான் வாசிச்சிருப்பேன், அவதான் வீம்புக்கு ஒதுங்கிப் போறான்னு கஸ்பார் அண்ணாச்சி நெனச்சாரு. வாசிக்கலியே, தண்டனை நீண்டுட்டு போலன்னு ஊரு நெனச்சுது. கேட்டுப் பங்கு வாங்கப்படாதுன்னு அவ நெனச்சா. ஒரு துண்டுச் சீட்டு, ஒரு குடும்பம், ஒன்பது வருசம்.

சலேத் சீட்டை வாங்கி எழுத்துக்கூட்டி வாசிச்சா. நான் எதிர்பாத்த மாதிரிக் கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். “ஊருல போற வார நாய்கிட்ட எல்லாம் கேக்குதா கேக்குதான்னு கேட்டீரு,” அப்படின்னா. “ஒருத்திகிட்ட மட்டும் கேக்கல.” சீட்டை என் சட்டைப் பைல வச்சு, பையைத் தட்டிவிட்டா.

மூணாம் ஓலை. கிளமென்ஸ் கொல்லத்துல இருந்து வந்திருந்தான். புதுச் சட்டை, மடிப்புக் கூடக் கலையல, தூணுக்குப் பின்னால பொண்டாட்டி புள்ளையோட உக்காந்திருந்தான். ஷமீமா மேடம் அந்தத் தூணு பக்கத்துல மூணுகால் கம்போட நின்னாவ. சாமி ஓலையைக் கைல எடுக்கப் போனாரு. நான் எந்திரிச்சேன். “சாமி, ஒரு நிமிசம்.” மைக் இல்ல, கொழாய் இல்ல, முப்பது வருசத்துல வெறுங்கையோட அவ்வளவு பேரு முன்னால நடந்ததில்ல. பீடத்துக்குப் போயி, சூசையப்பரைப் பாத்து, ஊருக்கு முதுகைக் காட்டி நின்னேன்.

ஊருக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனா யாராச்சும் கேக்கணும்ல்லா? கேட்டாத்தான் பேரு சொல்ல முடியும். நிக்கேன், நிக்கேன், ஒருத்தரும் கேக்கல. நான் சீட்டை எடுத்துக் கஸ்பார் அண்ணாச்சி இருந்த பக்கமாப் பின்னால நீட்டுனேன். அவரு எந்திரிச்சு வார சத்தம், தாளு பிரியுத சத்தம், தன் கையெழுத்தைத் தானே பாத்து அந்த மனுசன் மூச்சை இழுத்துப் பிடிச்ச சத்தம். அவரு என்னை அடிச்சிருக்கலாம். அடிக்கல. தடியத் தட்டிக்கிட்டே கோயிலோட கடைசி வரைக்கும் நடந்தாரு. தடி சாக்பீஸ் குறில பட்டிருக்கும், அது மட்டும் எனக்குக் கேக்கல. பெறவு அங்கன பேசுனா வெளிய வராதுன்னு அவரு ரெண்டடி தள்ளி வந்து கேட்டாரு, கொரல் ஒடஞ்சு போயிக் கேட்டாரு.

“இது யாருக்கு?”

“கிளமென்ஸ் இசபெல் வீட்டுக்கு”ன்னேன். கணீர்னு இல்ல. அழுதுக்கிட்டே சொன்னேன். “ஒன்பது வருசத்துக்கு முந்தியே அவுக பங்கு அவுகளுக்கு. சொல்ல வேண்டியவன் நான். சொல்லாம வச்சிக்கிட்டேன். தப்பு என்னோடது, ஊரு என்னை மன்னிக்க வேண்டாம், அக்கா மன்னிக்கவும் வேண்டாம்.” அம்புட்டுத்தான் வந்துச்சு. வேற வார்த்தை இல்ல. திரும்பிப் பாக்கத் தைரியமும் இல்ல. அப்ப என்ன செய்யுததுன்னு தெரியாம, பழக்கதோசம், என் வாயி தானா அந்த வார்த்தையைச் சொல்லிட்டு.

“கேக்குதா?”

எங்க பேச்சுல காது கேக்குததுக்கும் வாய் கேக்குததுக்கும் ஒரே வார்த்தைதான். பாவி நான் ரெண்டையும் சேத்து ஒருக்காக் கேட்டேன்.

ஒன்பதாம் தூணுல இருந்து, பத்து வருசமா எந்தக் கூட்டத்துலயும் நாங்க கேக்காத ஒரு கொரல், என் காதுகிட்ட நின்னு சொன்ன மாதிரி வந்துச்சு. “கேக்குது.”

திரும்பிப் பாத்தேன். அவ எந்திரிச்சு நின்னா. அழல. எங்க அத்தனை பேரையும் ஒரு சுத்து பாத்தா. “கேக்குது தம்பி. மூணு மாசத்துல இப்பத்தான் கேக்குது. நானா வந்து கேட்டிருந்தா என்னைக்கோ முடிஞ்சிருக்கும். நானும் கேக்கல, நீங்க யாரும் கேக்கல. சரி, அது கெடக்கட்டும்.” பெறவு சாமியப் பாத்தா. “சாமி, மொத ஓலையும் ரெண்டாம் ஓலையும் எனக்கு வந்து சேரல. என் பங்கு எனக்கு வேணும். மூணையும் வாசிங்க.”

லியோ சாமி கண்ணைத் தொடச்சுட்டு மொதல்ல இருந்து வாசிச்சாரு. சங்குமுனை கிளமென்ஸ், இசபெல் இவர்களின் மகள் பெர்னதெத்துக்கும், வடக்கூர் ரெஜினால்டுக்கும், இது முதலாம் ஓலை. அவ கண்ண மூடிக் கேட்டா. இது இரண்டாம் ஓலை. கிளமென்ஸ் தலையக் குனிஞ்சு தோளு குலுங்குனான். இது மூன்றாம் ஓலை, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்னு சாமி நிறுத்துனாரு. ஷமீமா மேடம் மீட்டரைப் பாத்தாவ, ஒரு எண்ணு எழுதுனாவ, கீழ கையெழுத்துப் போட்டாவ.

அக்கா என்னை மன்னிச்சாளான்னு நீங்க கேப்பீங்க. அவ சொல்லல, நானும் துருவல. கல்யாணத்துக்கு மைக் செட்டுக்கு என்னைத்தான் கூப்பிட்டா, மொதப் பந்தில என்னையும் சலேத்தையும் உக்கார வச்சு அவளே எல போட்டா. அன்னைக்கு நான் யாரும் எழுதிக் குடுக்காம நன்றி சொன்னேன், சொல்லி முடிக்க ரொம்ப நேரமாச்சு, “போதும்யா, சோறு ஆறுது”ன்னு சலேத் மைக்கைப் பிடுங்கிட்டா.

இப்பவும் ஞாயித்துக்கெழமை பூசைக்கு முன்னால நான் எந்திரிச்சு வெறுங்கையோட நின்னு “கேக்குதா?”ன்னு கேப்பேன். எல்லாரும் பேசாம இருப்பாவ, லியோ சாமியும் பீடத்துல கையக் கட்டிக்கிட்டு நிப்பாரு. ஒன்பதாம் தூணுல இருந்து “கேக்குது”ன்னு பதில் வந்த பெறவுதான் எங்க ஊருல பூசை தொடங்கும்.